பிழை புடிச்சவங்களுக்கு மீன் பனிஸ்

இப்ப எங்க பட்டறைக்கு லேசர் மெஷின் பாக்க ஒரு தம்பி வர்றாரு. கெட்டிக்காரப் புள்ள. வந்தா ஒரு வார்த்த கூடுதலாப் பேச மாட்டாரு, பிழையே விட மாட்டாரு. அவரக் கண்டாலே எனக்குப் பயமா இருக்கு. பிழையே விடாத ஆள எப்பிடி நம்புறது? அவருக்கு முந்தி ஆறு வருஷமா வந்தவங்கதான் நான் சொல்லப்போற மிஸ். அவங்களுக்குப் பேரு இருக்கு, நான் சொல்ல மாட்டேன். பட்டறையில எல்லாருக்கும் அவங்க மிஸ்தான், இங்கயும் அப்பிடியே இருக்கட்டும்.

நான் யாருன்னும் சொல்லிடுறேன், இல்லாட்டி ஒண்ணும் வெளங்காது. மாத்தளை டவுன்ல ஒரு நகைக்கடைக்குப் பின்னால இருக்குற பட்டறையில வேல செய்யுறேன். பொறந்தது தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுல. கல்யாணத்துக்கு முந்தி நர்சரியில தேயிலக் கன்னு வச்சேன். ஒரு எலையும் ஒரு கணுவுமா நறுக்கி, மண்ணுப் பைக்குள்ள சாயாம நட்டு நட்டு, எங் கைக்கு நடுக்கம்னா என்னன்னே தெரியாது. அந்தக் கையப் பாத்துத்தான் முதலாளி என்னப் பாலிஷ் மேசையில இருந்து லேசர் மெஷினுக்கு மாத்தினாரு. கோபம் எனக்கு மூக்கு நுனியில. என் வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க, இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவயாவது நான் 'என் பிழைதான்'னு சொல்லியிருக்கேனான்னு. சொன்னதில்ல. பிழை இருந்தாத்தானே சொல்றதுக்கு.

மெஷின்னா ஒரு அலமாரி அளவுப் பெட்டி. முன்னால ரெண்டு ஓட்ட. அதுல ரெண்டு கையையும் விட்டு நகையப் புடிச்சுக்கணும், கண்ண மேல இருக்குற பூதக்கண்ணாடியில வைக்கணும், காலால பெடல மிதிக்கணும். 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுந்த சங்கிலிக் கண்ணி ஒட்டிக்கிரும். முந்தி ஆசாரிமாரு ஊதுகுழல் வச்சு ஊதி ஊதிப் பொடி வச்ச வேலய இப்ப இந்த டிக் செய்யுது. ஒரு நாளைக்கு எத்தன டிக்குன்னு எண்ணினா எனக்குப் பைத்தியம் புடிக்கும்.

அந்த வெளிச்சம் ஒழுங்கா விழுதான்னு அளந்து பாக்கத்தான் மிஸ் வருவாங்க. மெஷின் வித்த கம்பனி அனுப்புறது. ஊரு உக்குவளைப் பக்கம், முஸ்லிம் புள்ள, கெம்பஸ்ல படிச்சவங்க. எனக்கு மக வயசு இருக்கும். ஆனா மிஸ்னுதான் கூப்பிடுவேன், அவங்க என்ன அக்கான்னுவாங்க. தலையில ஷாலு, கால்ல ஓட்டப்பந்தயத்துக்குப் போற மாதிரி சப்பாத்து, முதுகுல ஒரு பெட்டி. பெட்டியத் தொறந்தா ஸ்பொஞ்சுக்குள்ள ஒரு சின்னக் கேமரா, சக்தி அளக்குற மீட்டர் ஒண்ணு, கோட்டு பட்டன் அளவுல மூணு கருப்புக் கண்ணாடி.

நான் அதுவரைக்கும் லேசர்னா ஊசி முனை மாதிரி ஒரு புள்ளின்னுதான் நெனச்சிருந்தேன். மிஸ் அதக் கேமராவுல புடிச்சு கம்ப்யூட்டர்ல விரிச்சுக் காட்டினாங்க. அந்தப் பொட்டு வெளிச்சத்துக்குள்ளயே மேடு இருக்கு, பள்ளம் இருக்கு. சூடு கூடுன எடம் செவப்பு, கொறஞ்ச எடம் நீலம். சில மெஷின்ல நடுவுல கூடி ஓரத்துல மெலிஞ்சு இருக்குமாம், எங்க மெஷின்ல எல்லா எடமும் ஒரே மட்டமா இருக்கணுமாம். அப்ப அது ஆப்பம், இது ரொட்டியான்னு கேட்டேன். மிஸ்ஸுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஒரு தடவ கம்பனிக்கு எழுதின ரிப்போர்ட்லயே 'நல்ல ரொட்டி'ன்னு போட்டு, கொழும்புல பெரியவர்கிட்ட ஏச்சு வாங்கிட்டு வந்து எங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க.

வெளிச்சத்த அப்பிடியே கேமராவுல விட்டா கேமரா பொசுங்கிப் போயிரும். அதனால ஒரு சாய்வுக் கண்ணாடி வச்சு, ஒரு துளிய மட்டும் கேமராவுக்குத் திருப்புவாங்க, மிச்சத்த மீட்டர் வாங்கிக்கும். அந்தத் துளியும் கூடிரக் கூடாதுன்னு கேமராவுக்கு முன்னால மூணு கருப்புக் கண்ணாடியும் போடுவாங்க. "கேமரா ஒரு கப்பு மாதிரி அக்கா. நெறஞ்சிட்டா அதுக்கு மேல எவ்வளவு ஊத்தினாலும் நெறஞ்ச மாதிரியேதான் காட்டும்"னு சொல்லியிருக்காங்க. எனக்குச் சொல்லணும்னு அவங்களுக்கு என்ன கட்டாயம்? பக்கத்துல நின்னவங்க யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. சொல்லிட்டு, "நான் செய்யுறதப் பாத்துக்கிட்டே இருங்க, பிழை விட்டாச் சொல்லுங்க"ன்னுவாங்க. இதத்தான் நாங்க முதல்ல சும்மா மரியாதப் பேச்சுன்னு நெனச்சோம்.

முத நாளு வந்தப்பவே நடந்திச்சு. அளக்குறதுக்கு முந்தி மிஸ் இருட்டப் படம் எடுப்பாங்க. அதாவது லேசர் அடிக்காம, அறையில இருக்குற சில்லற வெளிச்சத்த மட்டும் எடுத்து வச்சு, பொறவு கழிச்சிருவாங்க. அன்னிக்கு அப்பிடி எடுத்த பொறவு, பாலிஷ் போடுற சரஸ் அவ மேசையில வந்து ஒக்காந்து லைட்டப் போட்டா. கம்ப்யூட்டர்ல பாத்தா ரொட்டி ஓரமெல்லாம் ஊதிப்போய் நிக்கிது. மிஸ் மெஷினத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? நீங்க இருட்ட எடுத்தப்ப சரஸோட லைட்டு எரியல மிஸ், இப்ப எரியுதுன்னேன். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். தோட்டத்துல தொரைக்குப் பிழை சொன்னா என்ன நடக்கும்னு பாத்து வளந்தவ நான்.

மிஸ் எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "புடிச்சிட்டீங்க அக்கா"ன்னு சிரிக்கிறாங்க. சிரிப்புன்னா வாய் கொள்ளாத சிரிப்பு. அப்பிடியே குடைய எடுத்துக்கிட்டு வெளிய போயி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில இருந்து எட்டுப் பேருக்கும் மீன் பனிஸ், அதான் உள்ள மீன் வச்ச பன்னு, வாங்கிட்டு வந்துட்டாங்க. எதுக்கு இதுன்னு முதலாளி கேட்டாரு. அவங்க பிழைய யாரு கண்டுபுடிச்சாலும் பனிஸ் வாங்கித் தர்றது அவங்க வழக்கமாம். கெம்பஸ்ல ஒரு தடவ பிழையா அளந்துட்டாங்களாம். கூட இருந்த புள்ளைங்க கண்டும் பேசாம இருந்ததால மூணு மாச வேல வீணாப்போச்சாம். "கண்டவங்க வாயத் தொறக்கணும்னா வாய்க்கு ஏதாவது கெடைக்கணும் முதலாளி"ன்னாங்க. முதலாளி ஒரு பனிஸ எடுத்துப் பிச்சுப் பாத்துட்டுச் சாப்பிட்டாரு.

அதுக்குப் பொறவு மிஸ் வர்ற நாளுன்னா பட்டறையே வேலய விட்டுட்டு அவங்க பின்னால நிக்கும். லேசருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத சரஸ், ஒரு நாளு மிஸ்ஸ மேலயும் கீழயும் பாத்துட்டு, உங்க ஷாலு உள்பக்கம் வெளிய தெரியுதுன்னு சொன்னா. மிஸ் அதயும் விளையாட்டா எடுக்கல. கண்ணாடிக்கு முன்னால போய் நின்னு தச்ச ஓரத்த நல்லாப் பாத்து, சரிதான், பிழைதான்னு ஒத்துக்கிட்டு பேக்கரிக்குப் போனாங்க. எனக்கு எரிச்சலா வந்திச்சு. நான் எவ்வளவு மூளையப் போட்டு ஒரு பனிஸ் வாங்கினேன், இவ ஷாலப் பாத்து வாங்குறாளே.

பட்டறையில மட்டும்தான் இப்பிடின்னு நெனச்சிராதீங்க. ஒரு நாளு நாவுலயில எறங்க வேண்டியவங்க தம்புள்ளையில போய் எறங்கியிருக்காங்க. எறங்கி, மரக்கறி லொறிக்கெல்லாம் நடுவுல நின்னு, நாவுலன்னு ஏன் சொல்லலன்னு கண்டக்டரச் சிங்களத்துல போட்டு ஏசியிருக்காங்க. அந்த மனுசன் அமைதியா, நான் மூணு தடவ கத்தினேன் மிஸ், நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு 'ஹரி ஹரி'ன்னு, சரி சரின்னு, தலையாட்டினீங்கன்னிருக்காரு. பஸ்ல இருந்தவங்களும் ஆமான்னிருக்காங்க. வேற யாராவதா இருந்தா முணுமுணுத்துக்கிட்டே போயிருப்பாங்க, நானா இருந்தா ரெண்டாவது ரவுண்டு சண்டைக்கு நின்னிருப்பேன். மிஸ் திரும்ப பஸ்ல ஏறி, நான் பிழைன்னு சிங்களத்துலயும் தமிழ்லயும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டு, கண்டக்டருக்குப் பனிஸ் தேடியிருக்காங்க. அந்த மொத்தச் சந்தையில பனிஸ் எங்க கெடைக்கும்? ஒரு பெரிய பூசணிக்காய வாங்கி அவரு மடியில வச்சிட்டு வந்திருக்காங்க.

மிஸ்ஸோட கல்யாணமும் அப்பிடித்தான் முடிவாச்சு. மாப்பிள வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தப்ப, உம்மா செஞ்ச வட்டிலப்ப இனிப்ப மக செஞ்சதுன்னு வச்சிருக்காங்க. மாப்பிளயோட உம்மா ருசிச்சுப் புகழ, மிஸ் பொறுக்காம, இது உம்மா செஞ்சது, நான் செஞ்சது கரிஞ்சுபோய் குசினியில இருக்குன்னு சொல்லிட்டாங்களாம். உம்மாவுக்கு மயக்கம் வராத கொற. வந்த மனுசி அந்தக் கரிஞ்சதக் கொண்டு வரச் சொல்லி, ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாத்துட்டு, இப்பிடி உண்மை சொல்ற மருமகதான் எனக்கு வேணும்னாங்களாம். இந்தக் கதையக் கேட்டு சரஸ் ரெண்டு நாளு சிரிச்சா.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள்ள ஒரு கேள்வி இருந்திச்சு. படிச்சவங்க, உத்தியோகம் இருக்கு, பிழைன்னு சொன்னாலும் ஒண்ணும் கொறையாது. எங்கள மாதிரி ஆளு பிழைன்னு சொன்னா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவாங்க. இத அவங்ககிட்டக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். கேக்குறதுக்குள்ள அந்தத் தை மாசம் வந்திச்சு.

தை மாசம்னா கல்யாணக் காலம், பட்டறையில மூச்சு விட நேரமில்ல. அந்தச் சமயம் பாத்து நான் வச்ச ஒட்டெல்லாம் விட ஆரம்பிச்சிச்சு. முதல்ல ஒரு கொலுசு. பொறவு ஒரு கைச்சங்கிலி. ரெண்டு கிழமையில நாலு சாமான் திரும்பி வந்திச்சு. பூதக்கண்ணாடியில பாத்தா ஒட்டுக்கு ஒரு பக்கம் பொத்துப்போய் ஓட்ட, மறுபக்கம் சரியா உருகவே இல்ல. மெஷின்ல என்னமோ கோளாறுன்னு முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு ஏசல. ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு மெதுவாச் சொல்லிட்டுக் கடைக்குள்ள போயிட்டாரு.

அஞ்சாவதா வந்ததுதான் தாலிக்கொடி. நாவுலப் பக்கம் ஒரு மாப்பிள வீடு. கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கு. சாமிக்கு முன்னால வைக்கலாம்னு கையில எடுத்தாங்களாம், ஒட்டு விட்டுக் கொடி ரெண்டாத் தொங்கிச்சாம். மாப்பிளயோட அம்மா கடையில நின்னு சத்தம்கூடப் போடல. சேல முந்தானைக்குள்ள கொடிய மூடிப் புடிச்சுக்கிட்டு, வேற யாருக்கும் தெரியாது, இதச் சரியாக்கிக் குடுத்துருங்கன்னு முதலாளியக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. நாளைக்கு அந்திக்குள்ள தர்றேன்னு முதலாளி சொன்னாரு. அவங்க போன பொறவு என்னக் கூப்பிட்டாரு. காலையில மிஸ் வர்றாங்க, அவங்க மெஷின் பிழைன்னு சொன்னாச் சரி, மெஷின்ல பிழை இல்லன்னா நீ பாலிஷ் மேசைக்குப் போயிரு, கண்ணு போயிருச்சுன்னா ஒளிக்கக் கூடாதுன்னாரு. அவரு கெட்டவரில்ல. அவரு தாத்தா காலத்துக் கடை அது. ஆனா ஒம்பது வருஷம் பாலிஷ் போட்டு, தூசி தின்னு, அங்க இருந்து எந்திரிச்சு வந்தவ நான். அந்த மெஷின் முன்னால ஒக்காந்த பொறவுதான் என் வீட்டுக்காரரு கூட, எங்க வீட்டம்மா லேசர் வேலன்னு நாலு பேருகிட்டச் சொல்ல ஆரம்பிச்சாரு.

மறுநா காலையில மிஸ் வந்தாங்க. அவங்களுக்கும் அவசரம், பகலுக்குள்ள தம்புள்ளையில இன்னொரு மெஷின் பாக்கணும். கேமராவப் பூட்டி ஒரு டிக் அடிச்சாங்க. படத்துல தண்ணியில கல்லுப் போட்ட மாதிரி வளையம் வளையமா விழுந்திச்சு, மேடு எது பள்ளம் எதுன்னே பிரிச்சுப் பாக்க முடியல. மூணாவது கண்ணாடியில தூசின்னு சொல்லி, அதக் கழட்டி மஞ்சத் துணியில தொடச்சாங்க. அந்த நேரம் பாத்து தம்புள்ளையில இருந்து போன் வந்திச்சு. துணியோட கண்ணாடிய என் மேசையில வச்சிட்டுப் பேசினாங்க. பேசி முடிச்சு, மத்த ரெண்டு கண்ணாடியோடயே கேமராவப் பூட்டிட்டாங்க.

நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். வாய் வரைக்கும் வந்திச்சு. வேற எந்த நாளா இருந்தாலும் கத்தி பனிஸ் வாங்கியிருப்பேன். ஆனா அன்னிக்கு முதலாளி பக்கத்துலயே கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் வாயத் தொறந்தா, பாரு, தப்பிக்க வழி தேடுறான்னுதானே நெனப்பாரு? படிச்சவங்களுக்குத் தெரியாததா, ரெண்டு போதும்னு போட்டிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாய மூடிக்கிட்டேன்.

டிக். படத்துல செவப்பா, வட்டமா, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே மட்டமா ரொட்டி. அப்பிடி ஒரு அழகான ரொட்டிய நான் அந்த மெஷின்ல பாத்ததே இல்ல. மீட்டர்ல சக்தியும் சொன்ன அளவு இருந்திச்சு. மிஸ் என்னத் திரும்பிப் பாத்தாங்க. சிரிப்பு இல்ல. "மெஷின்ல பிழை இல்ல முதலாளி"ன்னு சொல்லிட்டு, பெட்டியக் கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினாங்க.

நான் பாலிஷ் மேசைக்குப் போனேன். சரஸ் எந்திரிச்சு ஸ்டூலத் தள்ளிக் குடுத்துட்டு அழுதா. நான் அழல, எனக்குக் கோபம் வந்தா கண்ணீர் வராது. வஹகோட்டை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேந்துக்கிட்டேன். காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுக்குறவரு அவரு. எனக்குக் காணாமப் போனது எங் கையி. ஒரு கல்லு மோதிரத்த எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சேன். கை நடுங்கவே இல்ல. நடுங்காத கை எப்பிடிப் பிழை விடும்னு யோசிக்க யோசிக்க எனக்குக் கொதிச்சிச்சு.

கேமரா வர்றதுக்கு முந்தி கடதாசியில அடிச்சுத்தான் வெளிச்சத்தப் பாப்பாங்கன்னு மிஸ் எப்பவோ சொன்னது நெனவு வந்திச்சு. பகல் சாப்பாட்டுக்கு முதலாளி வீட்டுக்குப் போன நேரம், கடையில பில்லு அடிக்கிற சுருள்ல ஒரு முழம் கிழிச்சேன். சூடு பட்டாக் கருக்குற கடதாசி அது. சக்திய அடி மட்டத்துக்குக் கொறச்சு, கடதாசியக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சு பெடல மிதிச்சேன். வட்டம் விழல. ஒரு பக்கம் கருகி ஓட்ட, மறுபக்கம் லேசாத் தவிட்டு நெறம். இன்னொண்ணு அடிச்சேன், அதே மாதிரி. பத்து அடிச்சேன், பத்தும் ஒரே மாதிரி, எல்லாத்துலயும் அதே எடப்பக்கம்தான் கருகியிருந்திச்சு. என் கண்ணு பிழைன்னாக் கடதாசியோட கண்ணும் பிழையா?

மேசைக்குப் போயி மஞ்சத் துணியத் தூக்கினேன். கீழ மூணாவது கருப்புக் கண்ணாடி கெடக்கு. அப்பதான் எனக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திச்சு. கண்ணாடி கொறஞ்சதால வெளிச்சம் கூடிப்போயி கேமரா நெறஞ்சு வழிஞ்சிருக்கு. கூடுன பக்கமும் நெறஞ்சிச்சு, கொறஞ்ச பக்கமும் நெறஞ்சிச்சு. பொறவென்ன, எல்லாம் ஒரே மட்டமாத்தான் தெரியும். அந்த அழகான ரொட்டி ரொட்டியே இல்ல.

கடதாசியப் படம் எடுத்து மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்ல போட்டுட்டு, போன்ல கூப்பிட்டேன். காலையில ரெண்டு கண்ணாடிதான் போட்டீங்க மிஸ், மூணாவது இங்க என் மேசையில இருக்குன்னேன். அப்பதான் தம்புள்ளையில பஸ்ஸ விட்டு எறங்கியிருக்காங்க, பெட்டியத் தொறக்கவே இல்ல. லொறி ஹோர்ன் கேக்குது. ஏச்சு விழப்போகுதுன்னு நெனச்சேன். பொறவு சிரிப்புச் சத்தம் கேட்டிச்சு. நடுத்தெருவுல நின்னு சிரிக்கிறாங்கன்னு போன்லயே தெரிஞ்சிச்சு. அதத் தொடாதீங்க அக்கா, இன்ஷா அல்லாஹ் ரெண்டு மணித்தியாலத்துல வந்துருவேன்னாங்க.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாம, மாத்தளைக்கு வெங்காயம் ஏத்திக்கிட்டு வந்த ஒரு லொறியில முன்னால ஏறி வந்திருக்காங்க. வர்ற வழியெல்லாம் லொறிக்கார அய்யாவுக்குக் கதையச் சொல்லியிருக்காங்க போல. அவரும் வெங்காயத்த ரோட்டுல விட்டுட்டு, முடிவு என்னன்னு பாக்க மிஸ் பின்னாலயே உள்ள வந்துட்டாரு. கடையில ஆளுங்க நெறஞ்ச நேரம். மிஸ் நேரா முதலாளிக்கு முன்னால போயி, "காலையில நான் சொன்னது பிழை முதலாளி. மெஷின்லதான் கோளாறு. அக்காவோட கையில ஒரு பிழையும் இல்ல"ன்னாங்க. கூடவே, இன்னிக்குப் பிழைக்குக் கடையில நிக்கிற எல்லாருக்கும் பனிஸுன்னு சொல்லி சரஸ பேக்கரிக்கு அனுப்பிட்டாங்க.

பொறவு மூணு கண்ணாடியும் போட்டு அடிச்சாங்க. ரொட்டியக் காணோம். எடப்பக்கம் மட்டும் செவப்பாக் குமிஞ்சு, வலப்பக்கம் நீலமா வத்திக் கெடந்திச்சு. தட்டுல போட்ட சோத்த எல்லாம் ஒரே பக்கமா ஒதுக்கி வச்ச மாதிரி. மொத்தச் சோறு சரி, அதனாலதான் மீட்டரும் சரின்னு சொல்லியிருக்கு. மெஷினோட வயித்தத் தொறந்து பாத்தா உள்ள ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ஞ்சிருக்கு. அதாவது கூடம் நெசமாவே கோணல். மிஸ் ஒரு கையால திருகாணியத் திருப்ப, இன்னொரு ஆளு பெடல மிதிக்கணும். என்ன மிதிக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு டிக்குக்கும் படத்துல செவப்பு கொஞ்சங் கொஞ்சமா வலப்பக்கம் பரவிச்சு. பட்டறை மொத்தமும், பனிஸ் கையுமா லொறிக்காரரும், மூச்ச அடக்கிக்கிட்டுப் பாத்தோம். வட்டம் முழுசா நெறஞ்சப்ப 'ரொட்டி மிஸ்'னு கத்திட்டேன். சொல்லத் தெரியாத சந்தோஷம் அது.

மிஸ் திருகாணியப் பூட்டிட்டு, கையத் தொடச்சுக்கிட்டே என்னப் பாத்தாங்க. "அக்கா, காலையில நான் கண்ணாடிய வச்சத நீங்க கண்டீங்கதானே?"

இல்லன்னு சொல்ல வாய் வந்திச்சு. இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மாவா? ஆனா அந்த மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல முடியல. "கண்டேன் மிஸ். என்னக் காப்பாத்திக்கப் பேசுறேன்னு நெனச்சிருவாங்கன்னு பேசல. என் பிழைதான்"னேன்.

சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல. ஆறு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாளுதான் அவங்க கோபத்தப் பாத்தேன். "ஷாலப் பத்திச் சொல்ல எல்லாருக்கும் வாய் ஈக்கி. உங்க வேல போற நேரத்துல உங்களுக்காக நீங்க பேசாட்டி வேற யாரு பேசுவாங்க?"ன்னாங்க. கோபத்துல 'இருக்கு' அவங்க வீட்டுப் பேச்சுல 'ஈக்கி' ஆயிருச்சு. முதலாளியும் அங்கதான் நின்னாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டு. எனக்கு அந்த ஏச்சு வலிச்சிச்சு, அதே நேரம் இனிச்சிச்சு. என் ஆத்தாவுக்குப் பொறவு எனக்காகக் கோபப்பட்ட ஆளு அவங்கதான்.

முதலாளி இரும்புப் பெட்டியத் தொறந்து தாலிக்கொடிய எடுத்துட்டு வந்தாரு. என் கையில குடுத்தாரு. நான் மெஷினுக்கு முன்னால என் ஸ்டூல்ல ஒக்காந்தேன். கண்ண வச்சேன், கண்ணி ரெண்டையும் நேராச் சேத்துப் புடிச்சேன். டிக், டிக், டிக். சுத்தி வர எட்டு டிக். வெளிய எடுத்து அவருகிட்டக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் புடிச்சு நல்லா இழுத்துப் பாத்தாரு. அசையல. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு, திருப்பிப் பாத்தாரு. மாப்பிளயோட அம்மா கடையில வந்து நிக்கிறாங்கன்னு சரஸ் வந்து சொன்னா. எப்பவும் முதலாளிதான் பாத்துட்டு சரின்னு சொல்லி உள்ள கொண்டு போவாரு, நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். அன்னிக்குக் கொடிய என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, இது தாங்குமான்னு என்னக் கேட்டாரு.

"தாங்கும் முதலாளி. நான் வச்ச ஒட்டு"ன்னு சொல்லி, கொடிய எடுத்துக்கிட்டு நானே கடைக்குள்ள போயி அந்த அம்மா கையில குடுத்தேன்.